டிக்கர் இல்லாத செய்தி

1980இல் சிஎன்என் தொடங்கியபோதே லூ டாப்ஸ் அங்கே இருந்தார். 'மணிலைன்' அவருடைய நிகழ்ச்சி. மரியா பார்ட்டிரோமோ 1995இல் நியூயார்க் பங்குச்சந்தையின் தளத்திலிருந்தே சிஎன்பிசிக்கு நேரலை கொடுத்தார். சுற்றி புரோக்கர்கள் கத்திக்கிட்டே இருப்பாங்க, அவர் பாட்டுக்கு விலை சொல்வார். தப்பாகச் சொன்னால் திரையின் அடியில் ஓடும் டிக்கரே காட்டிக்கொடுத்துவிடும். இவர்கள் பேர் வாங்கியது அந்தக் கண்டிப்பில்தான்.

பிறகு இருவரும் ஃபாக்ஸ் பிஸினஸ் போனார்கள். 2020 அதிபர் தேர்தலில் வாக்கு இயந்திர மோசடி என்ற புரளி இருவர் நிகழ்ச்சியிலும் ஓடியது. அதைச் சரிபார்க்க டிக்கர் ஏது? 2021 பிப்ரவரி 4 அன்று ஸ்மார்ட்மேட்டிக் நிறுவனம் 270 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. பிரதிவாதிகளில் இவர்கள் இருவரும் உண்டு. மறுநாளே டாப்ஸின் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். இத்தனைக்கும் அந்தச் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். பார்ட்டிரோமோ தொடர்ந்தார்.