தானே வடியும் செங்கட்டி

பிறந்த சில நாள்களிலோ வாரங்களிலோ குழந்தையின் தோலில் சிறு செம்புள்ளியாகத் தோன்றி, முதல் சில மாதங்களில் விரைந்து பருத்து, ஓராண்டை ஒட்டி வளர்ச்சி நின்று, பின்னர் ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும் கட்டியை மருத்துவர்கள் ஹெமாஞ்சியோமா என்பர். இரத்தநாளங்களின் உட்சுவர் அணுக்கள் பெருகுவதால் இது உண்டாகிறது. பிறவி மச்சங்களுக்குக் கர்ப்பிணியின் நிறைவேறாத ஆசையே காரணம் என்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். நம் வீடுகளிலோ கிரகணத்தன்று அவள் வெளியே வந்ததைச் சொன்னார்கள். இரு இடத்திலும் பழி தாயின்மேல் விழுந்தது வேதனைக்குரியது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கட்டியைவிட அதற்கான சிகிச்சையே பல குழந்தைகளுக்குக் கேடாக முடிந்தது. உறைந்த கரியமில வாயுவால் கட்டியைப் பொசுக்கினார்கள். ரேடியத்தைத் தோலருகே வைத்துக் கதிரூட்டினார்கள். சிகிச்சையின்றி விடப்பட்ட கட்டிகளைப் பொறுமையாகக் கவனித்துவந்த லிஸ்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர், அவற்றில் பெரும்பாலானவை சிறுவயதிலேயே தாமாக வடிந்துவிடுவதை 1938இல் 'லான்செட்' இதழில் எழுதிய பின்னரும் கதிர்ச் சிகிச்சை நிற்கவில்லை. சுவீடனில் அவ்வாறு கதிரூட்டப்பட்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது; 1930க்கும் 1959க்கும் இடையில் 18 மாத வயதுக்குள் சிகிச்சை பெற்ற ஆண்களை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வு, மூளையில் பட்ட கதிரளவு கூடக்கூட அவர்களுள் உயர்நிலைக் கல்விக்குச் சென்றோரின் விகிதம் குறைந்ததைக் காட்டியது. தானே மறையக்கூடிய ஒன்றுக்காக அக்குழந்தைகள் கொடுத்த விலை அது.

1982இல் பாஸ்டனைச் சேர்ந்த மல்லிக்கனும் குளோவாக்கியும் அணுக்கள் பெருகும் கட்டி வேறு, பிறவியிலேயே பிழையாக அமைந்த இரத்தநாளம் வேறு என்று பிரித்துக் காட்டினர். முன்னது வடியும், பின்னது வடியாது என்பதால், எந்தக் குழந்தைக்குக் காத்திருக்கலாம் என்ற கேள்விக்கு அப்போதுதான் உறுதியான அடிப்படை கிடைத்தது. பின்வந்த எந்த மருந்துக்கும் இப்பகுப்பு குறைந்ததன்று.

மருந்து தற்செயலாகவே வந்தது. பிரான்சின் போர்தோ நகரில், மூக்கில் கட்டியுடன் ஸ்டீராய்டு பெற்றுவந்த குழந்தைக்கு இதயத்தசை தடித்தபோது, இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் கொடுக்கப்பட்டது. மறுநாளே கட்டியின் கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, தொடுவதற்கும் இளகியிருந்தது. அந்நிற மாற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாத கிறிஸ்டின் லெயோத்தே-லப்ரேஸ் குழுவினர் 2008இல் பதினொரு குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டனர். 2014இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. இன்றும் சிறு கட்டிகள் பெரும்பாலும் கண்காணிப்பில் மட்டுமே வைக்கப்படுகின்றன. பார்வையையோ மூச்சையோ தடுப்பவை, புண்ணாகுபவை, முகத்தை உருக்குலைக்கக்கூடியவை ஆகியவற்றுக்கே மருந்து தொடங்கப்படுகிறது. அது இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடுமாதலால், பால் கொடுக்கும் வேளையிலோ கொடுத்த உடனேயோ புகட்ட வேண்டும் என்றும், குழந்தை பால் குடிக்க மறுக்கும் நாளில் அவ்வேளை மருந்தை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் தாய்மாருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.