இஞ்சின் நிற்கும் நேரம்

1941இல் சிலாங்கூர் தோட்டத் தொழிலாளர்கள் நிர்வாகங்களிடம் வைத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, மருத்துவ வசதி இருந்தது, பிள்ளைகளின் படிப்பு இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. இவற்றுக்கு நடுவே இன்று படிப்பவரைச் சற்றே நிறுத்திவைக்கும் ஒரு கோரிக்கை: வெள்ளைக்காரத் துரையின் முன்னாலும் தோட்டத்து அலுவலர்கள் முன்னாலும் தொழிலாளி சைக்கிளில் ஏறிப் போக அனுமதிக்க வேண்டும்.

அன்றைய வழக்கப்படி, எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றுவிட வேண்டும். அது பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி; ராலே கம்பெனி வண்டி என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும். வண்டி வாங்கியவனுடையது, அது உருளும் செம்மண் பாதையோ கம்பெனியுடையது. இந்தக் கோரிக்கைகளுக்காக வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரும் 'தமிழ் நேசன்' இதழின் துணையாசிரியருமான ஆர்.எச். நாதன் மே 5 அன்று கைதானார். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டிப் பரவியது. மே 16 அன்று சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, படை வந்து, குறைந்தது ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஒரு நுகர்பொருளைப் பற்றித் தோட்டத்து மக்கள் தங்கள் கருத்தை எழுத்தில் வைத்த தருணங்களில் இது பழையது, விலை மிகுந்தது. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பது அங்கே பேச்சே இல்லை. ஓட்டவிடுவது யார் என்பதுதான் பேச்சு. அதற்குப் பின் கோலசிலாங்கூரிலிருந்து உலு சிலாங்கூர் வரையுள்ள தொழிலாளர் குடியிருப்பு லயங்களுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு கருவியும், வானொலியானாலும் தொலைக்காட்சியானாலும், இதே கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜூந்தை என்று விரியும் இந்த வட்டாரம் மலேசியத் தோட்ட வரலாற்றில் தனி இடம் உடையது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனை. அவரே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். நாவல் பரிசு வாங்கிய காலத்தில் லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு.

அந்த இருட்டுக்குள் முதலில் வந்த பெரிய வெளிச்சம் சினிமா. 1920களின் பிற்பகுதியில் ஷா சகோதரர்கள் படமெறி கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலாயாவின் சிற்றூர்களுக்குப் போனார்கள். பின்னாளில் உலகம் அறிந்த ரன்ரன் ஷாவின் தொழிற்பள்ளி அதுதான். போருக்குப் பின் தோட்டத்தில் படம் போடுவது நல்ல நாள் பெரிய நாளுக்குரிய வழக்கமாக நிலைத்தது. திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாயுமுன் பாய், சாக்கு, பலகை எல்லாம் இடம் பிடித்துவிடும். முன்பக்கம் நிரம்பினால் பின்பக்கம் போய் உட்காரலாம். எழுத்து இடவலம் மாறித் தெரியும், வாள் இடது கையில் சுழலும், அதனால் யாருக்கும் குறையில்லை. ஒரே கருவி என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த இடைவெளியில் கச்சான் விற்பவனுக்கு வியாபாரம், இளவட்டங்களுக்குத் தங்கள் நடிகர் கட்சிக்காக வாதாட நேரம். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும் என்பது அப்போது எவருக்கும் நினைவிருக்காது.

வானொலி வந்த கதை வேறு. ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை கேட்பது உயிருக்கு ஆபத்தான குற்றம். போர் முடிந்து 1946 ஏப்ரலில் மலாயா வானொலி தொடங்கியது. 1948இல் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்ததும் அரசாங்கம் அந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்தது. 1950இல் அவசரகாலத் தகவல் பணிக்குத் தலைமையேற்க லண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன். நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி, பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநர். புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் வைத்துக் கேட்கும் வானொலிப் பெட்டிகள் நிறுவப்பட்டன. தகவல் இலாகாவின் லோரிகள் படம் காட்ட வந்தன. மலாயாப் படப்பிரிவு எடுத்த செய்திப் படங்களுக்குத் தமிழ் விளக்கமும் உண்டு.

சுற்றிலும் முள்வேலி, இருட்டிய பின் நடமாட்டத்துக்குத் தடை. உள்ளே ஒரு பெட்டி பேசுகிறது. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொடுக்காதே என்கிறது. கேட்டவர்கள் அதை நம்பினார்களா என்பது அவரவர் மனத்தோடு போயிற்று. ஆனால் அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவே வந்த திரைப்பாடலுக்காகக் கூட்டம் கூடியது. எதைச் சொல்ல அரசாங்கம் பெட்டியை அனுப்பியதோ அது போய்விட்டது, எதைச் சேர்த்து அனுப்பியதோ அது தங்கிவிட்டது. மலாயா வானொலியின் தமிழ் ஒலிபரப்பு பின்னர் வானொலி ஆறு ஆகி, 2005இல் மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறி, இன்றும் நடக்கிறது.

கையடக்க டிரான்சிஸ்டர் வந்தபோதுதான் நிலைமை உண்மையில் மாறியது. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1965இல் சிலாங்கூரிலேயே, ஷா ஆலத்தில், கால் ஊன்றியது. 'நேஷனல்' என்ற பெயர் வீட்டுச் சொல்லாயிற்று. உலர்மின்கலத்தில் ஓடும் வானொலிக்குக் கம்பெனியின் கம்பி வேண்டாம், துரையின் அனுமதி வேண்டாம், பொதுக் கம்பத்தடியில் போய் நிற்கவும் வேண்டாம். ரப்பர்ப் பால்மரக் காட்டுக்கே அதை எடுத்துப் போய்க் கிளையில் மாட்டிவிட்டுப் பால் வெட்டலாம். 'ஜப்பான் சாமான்' என்று ஒரு காலத்தில் ஏளனமாகச் சொன்னவர்கள் அதே சொல்லைப் பாராட்டாகச் சொல்லத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில் பாதைக்கு ஆள் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் இது. அந்த வீடுகளிலும் 'நேஷனல்' பாடியது.

தொலைக்காட்சிக்கு இவ்வளவு எளிய வழி கிடைக்கவில்லை. 1963 டிசம்பர் 28 அன்று கோலாலம்பூரில் ஒளிபரப்பு தொடங்கியது. 1969 நவம்பரில் இரண்டாம் அலைவரிசை. ஆனால் லயத்து மின்சாரம் தோட்டத்து இஞ்சினைப் பொறுத்தது. அது மாலையில் சில மணி நேரம் ஓடும், பிறகு நிற்கும். படத்தில் கதாநாயகன் மாட்டிக்கொண்ட கட்டத்தில் நின்றால் நின்றதுதான். அவன் தப்பித்தானா என்பதை மறுநாள் பட்டணத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இஞ்சினை நம்பாதவர்கள் காடி பேட்டரியை நம்பினார்கள். கறுப்புவெள்ளைப் பெட்டியின் பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள், அவற்றின் முனையில் கவ்விகள். வாரத்தில் ஒருநாள் பேட்டரியைச் சைக்கிளின் பின்னிருக்கையில் ரப்பர் பட்டையால் கட்டி, பட்டணத்துக் கடையில் சார்ஜுக்கு விட்டுவிட்டு வர வேண்டும். வழியில் குலுங்கித் தெறிக்கும் அமிலம் காற்சட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போடும். மின்சாரம் வற்றத் தொடங்கினால் படம் நான்கு பக்கமும் சுருங்கிக் கறுப்பு விளிம்பு கட்டும். முகங்கள் சிறுத்துப் போகும். வாரத்துக்கு ஒன்றாக வந்த தமிழ்ப்படத்துக்காக மற்ற நாட்களில் பெட்டியைத் திறக்காமல் மின்சாரத்தை மிச்சம் பிடித்த வீடுகள் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது.

பெட்டி வாங்கும் பணம் எங்கிருந்து வந்தது? தவணை. தையல் இயந்திரத்தைத் தவணையில் விற்கும் வழக்கத்தை உலகெங்கும் கொண்டுபோனது சிங்கர். மலேசியாவில் தவணைக் கொள்முதலுக்கென்று 1967இல் சட்டமே வந்தது. தோட்டத்தின் உள்ளே அந்நியர் வர நிர்வாகம் தடை போடும் என்பதால், சம்பள நாளன்று வசூல்காரர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். துணிக்காரர், வட்டிக்காரர், பெட்டிக் கடைக்காரர் என்று அந்த வரிசை நீளும். தவணை தவறினால் பொருள் திரும்பிப் போகும், லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு கம்பெனியைப் பற்றித் தோட்டத்தில் சொல்லப்பட்ட நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த வசூல்காரர் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்ததாக இருந்தது. ஜப்பானில் உள்ள முதலாளியை யார் பார்த்தார்கள்?

1972இல் சுங்கைவே தடையற்ற வணிக மண்டலம் திறந்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்துச் சந்திப்புகள்வரை வரத் தொடங்கின. தாய் பால் வெட்டப் புறப்படும் இருட்டிலேயே மகள் சீருடையோடு பேருந்துக்கு நிற்பாள். மின்னணுப் பாகங்களை நுண்ணோக்கியின் கீழ் பார்த்துப் பற்றவைக்கும் வேலை; கண் எரியும், மாற்று நேர வேலையில் தூக்கம் கெடும். ஆனால் கையில் வந்த மாதச் சம்பளம், மழை பெய்தால் குறையும் நாட்கூலி அல்ல. பெட்டியை வெளியிலிருந்து மட்டும் பார்த்த லயத்தில், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த முதல் ஆட்கள் இந்தப் பெண்கள்தான். எந்த மாதிரி வாங்கலாம் என்று அவர்களிடமே யோசனை கேட்கப்பட்டது.

1978 டிசம்பரில் வண்ணம் வந்தது. 1980களில் வீடியோ வந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வாடகைக்கு எடுத்த பெட்டியும் ஒளிநாடாவும் விடிய விடிய ஓடின. திடலில் துணி கட்டிய காலம் அதோடு முடிந்தது. நாடாக்களில் பெரும்பகுதி திருட்டுப் பிரதி என்பது எல்லோருக்கும் தெரியும். 1987இல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்தபின் கடைகளில் சோதனை நடந்தது. வாரம் ஒரு படத்துக்காகப் பேட்டரி சுமந்தவர்கள் அதைத் திருட்டு என்று எண்ணிக் கூசவில்லை.

இதற்கிடையே தோட்டங்களின் மேலே இருந்த கம்பெனிகளே கைமாறின. 1981 செப்டம்பர் 7 அன்று மலேசிய அரசின் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் கத்ரி கம்பெனியைக் கைப்பற்றியது. நாட்டுக்கு அது பெரிய வெற்றி. லயத்தில் இஞ்சின் நிற்கும் நேரம் அதனால் மாறிவிடவில்லை. தொழிலாளர் வீடுகளுக்குக் குடிநீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்வதை முதலாளியின் கடமையாக்கிய சட்டம் 1990இல் வந்தது. அதன் பிறகே பல தோட்டங்களில் இரவு முழுக்க விளக்கெரிந்தது.

1996 ஜனவரியில் மீசாட் 1 துணைக்கோள் ஏவப்பட்டது; அதே ஆண்டு சந்தாத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோ ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் 'வானவில்' அலைவரிசை நாள் முழுவதும் தமிழ் பேசியது. ஆஸ்ட்ரோவின் பின்னால் இருந்தவர் ஆனந்த கிருஷ்ணன்: யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் 1938இல் பிறந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். இதனால் ஆஸ்ட்ரோவைப் பற்றிய பேச்சில் இரண்டு குரல் கலந்தே வரும். நம்ம ஆள் கம்பெனி என்ற பெருமை ஒன்று. மாதாமாதம் பில் வருகிறதே என்ற முணுமுணுப்பு மற்றொன்று. இன்னொரு குறை வானத்தைப் பற்றியது. இந்தத் துணைக்கோள் அலை கனமழையில் தேய்ந்துபோகும். கோலசிலாங்கூர்ப் பக்கம் மாலை மழை அடிக்கடி இடியோடு வரும். நாடகம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரை கறுத்து, இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு வந்து நிற்கும்.

துருப்பிடித்த தகரக் கூரைமேல் புத்தம்புதிய வட்டத் தட்டு. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சோற்றுக்கு இல்லாவிட்டாலும் ஆஸ்ட்ரோ உண்டு என்று கேலி பேசினார்கள். கேலி ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. வீடு கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். அந்தக் கூரைக்கடியில் குடும்பத்தின் பெயரில் இருந்த ஒப்பந்தங்களில் ஆஸ்ட்ரோ சந்தாவும் ஒன்று. தட்டைக் கழற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அப்படிக் கொண்டுபோக வேண்டிய நாள் பலருக்கும் வந்தது. புக்கிட் தாகார், நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள்.

2007 ஏப்ரலில் ஈஜோக் இடைத்தேர்தல் வந்தபோது சாலைகளும் தெருவிளக்குகளும் திடீரென்று நினைவுக்கு வந்தன. அதே ஆண்டு பத்தாங் பெர்ஜூந்தை, பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. நவம்பர் 25 அன்று இந்திய வம்சாவளியினரின் உரிமை கோரிய இண்ட்ராஃப் பேரணி. அதற்கான அழைப்பு குறுஞ்செய்தியாகக் கைத்தொலைபேசி விட்டுக் கைத்தொலைபேசி தாவியது. அரசாங்கத் தொலைக்காட்சி சொன்னதையும் போய்வந்தவர் காட்டிய படத்தையும் மக்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2008 மார்ச்சில் ஈஜோக்கில் வென்று சிலாங்கூர் மந்திரி புசார் (மாநில முதல்வர்) ஆனவர் காலிட் இப்ராகிம்: 1981இல் கத்ரியை வாங்கிய குழுவில் இருந்தவர், பின்னர் அதே கத்ரியின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தவர்.

இன்று அந்தத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசியரும். மாலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் அவர்கள் கைத்தொலைபேசியோடு நிற்கிறார்கள். வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்து அடுக்குமாடிகளிலும் தாமான் குடியிருப்புகளிலும் இருக்கின்றன. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றது. அதே ஆண்டு பழைய அனலாக் ஒளிபரப்பும் நின்றது. ஆஸ்ட்ரோவின் சந்தாதாரர் எண்ணிக்கையும் சரிந்து வருகிறது. எல்லாம் யூடியூபிலேயே கிடைக்கும்போது எதற்குப் பணம் கட்டுவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நாடகத்துக்கு ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்கு அது வர வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். சந்தாவை வெட்டுவதா வைப்பதா என்ற அந்த வாக்குவாதம், பல வீடுகளில் பில் வரும் வாரமெல்லாம் புதிதாகத் தொடங்குகிறது.