மூலமும் உரையும்

கணிப்பொறியின் திரையைக் காண்கின்றோம், விசைப்பலகையைத் தொடுகின்றோம். இவற்றின் பின்னே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டு, ஒவ்வொரு பணிக்கும் முறை வகுத்துத் தருகின்ற இயக்க அமைப்பை எண்ணிப் பார்ப்போர் நம்மில் சிலரே. ஆயினும், அறிவு எவருக்கு உரியது என்னும் பழைய வினாவை அதன் வரலாறு நம்முன் மீண்டும் வைக்கின்றது.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம், மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயக்க அமைப்பை உருவாக்கும் கூட்டு முயற்சியிலிருந்து விலகிற்று. அங்குப் பணியாற்றிய கென் தாம்சன், அதிகம் பயன்படாதிருந்த பிடிபி-7 என்னும் சிறு கணிப்பொறியில் எளியதோர் அமைப்பை எழுதத் தொடங்கினார். டென்னிஸ் ரிட்சியும் அவருடன் இணைந்தார். யூனிக்ஸ் பிறந்தது. 1973-இல், ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழியில் அது புதுக்கி எழுதப்பட்டது. ஒரே பொறிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்காமல் வேறு பொறிகளுக்கும் அது செல்ல வழி பிறந்தது.

ஆய்வுக்கூடத்தை நடத்திய ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனம், 1956-இல் அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பிற வணிகங்களில் இறங்க இயலாதிருந்தது. எனவே யூனிக்ஸ் குறைந்த கட்டணத்தில் பல்கலைக்கழகங்களைச் சென்றடைந்தது. அதன் மூல நிரலும் உடன் சென்றது. மூல நிரலாவது, பொறிக்கு இடப்பட்ட கட்டளைகளை மனிதர் படித்து உணரத்தக்க வடிவம். அது கையிலிருந்தால்தான் ஓர் அமைப்பு எவ்வாறு சிந்திக்கின்றது என்பதைக் கற்க முடியும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ் அதைத்தான் செய்தார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப் பகுதி ஏறத்தாழ 9,000 வரிகளே கொண்டது. 1976-இல் அவர் அதனை ஒரு நூலாகவும், அதற்கான விளக்கத்தை மற்றொரு நூலாகவும் தம் மாணவர்க்கென ஆக்கித் தந்தார். மூலமும் உரையுமாக ஓர் இயக்க அமைப்பு வகுப்பறைக்குள் நுழைந்தது.

1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாகக் கற்பிக்கலாகாது என உரிமம் தடை விதித்தது. விளைவு என்ன? லயன்ஸின் உரை, நகலின் நகலாகக் கைமாறிக் கைமாறி உலகெங்கும் பரவிற்று. எழுத்து மங்கிய தாள்களிலிருந்து ஒரு தலைமுறையே பாடம் கற்றது.

தடை வேறொரு வித்தையும் விதைத்தது. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர் படித்தறியத்தக்க மினிக்ஸ் என்னும் அமைப்பைத் தாமே புதிதாக எழுதி, 1987-இல் பாடநூலுடன் வெளியிட்டார். அந்நூலைப் பயின்ற ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-இல் லினக்சை உருவாக்கினார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். பகிர்வோர் அவ்வுரிமையைப் பிறர்க்கும் வழங்க வேண்டும் என்னும் பொது உரிமத்தை ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் அளித்திருந்தார். 1992-இல் லினக்ஸ் அவ்வுரிமத்தின்கீழ் வந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்கும் மையமும் அதுவே.

உழைத்து ஆக்கியவர்க்கு உரிமை வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும், உழைப்பின் பயனை அவர் பெறுவதே நீதி. ஆனால், விற்கும் உரிமை வேறு. கற்பதைத் தடுக்கும் உரிமை வேறு. கற்பதற்குத் தடையிடும்போது, பொருளைப் பயன்படுத்துவோர் பெருகலாம். அதனைப் புரிந்துகொள்வோர் அருகிவிடுவர். புரிந்துகொள்வோர் அருகிய இடத்தில், பழுதைக் கண்டு சொல்வார் யார்? மேம்பட்டதொன்றைப் படைப்பார் யார்?

1996-இல் லயன்ஸின் நூல் முறையான இசைவுடன் அச்சேறியது. ஈராண்டு கழித்து, 1998-இல் அவர் மறைந்தார். அவர் இயக்க அமைப்பெதையும் படைத்துப் புகழ் ஈட்டியவர் அல்லர். பிறர் படைத்ததைப் படித்து, படித்ததைப் பிறர்க்கு விளங்கச் சொன்னவர். கணிப்பொறி வரலாற்றில் படைத்தோர் பெயர்களுக்கு அருகே இவ்வாசிரியரின் பெயரையும் நாம் எழுதி வைப்போம்.