பூட் ஆகாத பொட்டியும் 512 பைட்டும்

புனேயில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரை எல்லோரும் காகா என்றுதான் கூப்பிடுவோம் (மராத்தியில் சித்தப்பா, நம்ம ஊர் காக்கா இல்லை). அவரிடம் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் அசெம்பிள்டு பொட்டி ஒன்று இன்னும் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் கறுப்புத் திரையில் "என்.டி.எல்.டி.ஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று ஒரே வரியைக் காட்டிவிட்டு அது நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபார்மேட் அடிச்சுடலாம்" என்றார்களாம். அதில் இருப்பது பத்து வருடத்துக் குடும்பப் புகைப்படங்கள், வேறெங்கும் பிரதி கிடையாது. மனுஷர் பொட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் அந்த வரியே திரைக்கு வந்திருக்காது. அதைச் சொன்னதே ஒரு ஹார்ட் டிஸ்க்தான். இது புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1981 ஆகஸ்டில் வந்த முதல் ஐ.பி.எம் பி.சி.யில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஃப்ளாப்பியில் எதுவும் கிடைக்காவிட்டால் ரோமில் பொதித்திருந்த பேசிக் மொழி எழுந்துவரும். அந்த பேசிக் ஐ.பி.எம்.முக்கே சொந்தம். ஆகவே மற்றவர்கள் செய்த நகல் பொட்டிகள் சில, அதே இடத்தில் "நோ ரோம் பேசிக், சிஸ்டம் ஹால்ட்டட்" என்று கைவிரித்தன. இல்லாத பேசிக்கைத் தேடியதுதான் செய்தி. நடந்தது என்னவோ பூட் ஆகும் வட்டு எதுவும் கிடைக்காததுதான்.

1983 மார்ச்சில் பி.சி. எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. கூடவே டாஸ் 2.0. ஒரே வட்டைப் பிரித்து வெவ்வேறு இயங்குதளங்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானபோது, பிரிவினைக் கணக்கை எழுத ஓர் இடம் வேண்டியிருந்தது. வட்டின் முதல் செக்டாரை எடுத்துக்கொண்டார்கள். மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் நிரல், 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் பட்டியல், கடைசி இரண்டு பைட்டில் 55 ஏஏ என்ற முத்திரை. இதைத்தான் எம்.பி.ஆர். என்கிறோம். பயாஸ் இந்த ஒரு செக்டாரை நினைவகத்தில் ஏற்றி, "இனி உன் பாடு" என்று விலகிக்கொள்ளும். எம்.பி.ஆர். ஆக்டிவ் பார்ட்டிஷனைத் தேடி அதன் பூட் செக்டாரை ஏற்றும். பூட் செக்டார் இயங்குதளத்தின் கோப்பை ஏற்றும். தொடர் ஓட்டம் மாதிரி. குச்சி யார் கையில் கீழே விழுகிறதோ அவர்தான் புலம்புவார்.

"டிஸ்க் பூட் ஃபெயிலியர்" என்று வந்தால் பேசுவது பயாஸ். வட்டு கண்ணில் படவில்லை, அல்லது முத்திரை இல்லை. முதலில் கேபிளைப் பாருங்கள், ஜம்பரைப் பாருங்கள். "இன்வாலிட் பார்ட்டிஷன் டேபிள்", "எரர் லோடிங் ஆபரேட்டிங் சிஸ்டம்", "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" மூன்றும் எம்.பி.ஆர். பேசுவது. 1983-ல் எழுதிய அதே மூன்று வாக்கியங்கள் 2001-ல் வந்த எக்ஸ்பியிலும் அப்படியே இருந்தன. "என்.டி.எல்.டி.ஆர்" வரியைச் சொல்வது பூட் செக்டார். அதாவது வட்டு சுழல்கிறது, எம்.பி.ஆர். படிக்கிறது, பார்ட்டிஷன் இருக்கிறது. ஒரே ஒரு கோப்பைத்தான் காணோம். அதற்குப் போய் ஃபார்மேட்டா!

லினக்ஸ்காரர்களுக்கு இந்த வித்தை நன்றாகவே தெரியும். பழைய லைலோ தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத்தான் திரையில் இடும். எந்த எழுத்தோடு நிற்கிறதோ அதை வைத்து எந்தப் படியில் தடுக்கியது என்று சொல்லிவிடலாம். இவ்வளவு சிக்கனமான பிழைச்செய்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஃப்ளாப்பி காலத்து "நான் சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்" வேறு வகை. அதைச் சொல்வது டிரைவில் மறந்துபோய் விட்ட ஃப்ளாப்பியின் பூட் செக்டார். செய்தி வந்துவிட்டது என்றால் அந்த நிரல் ஓடி முடிந்துவிட்டது என்று அர்த்தம். 1987-ல் வந்த ஸ்டோன்ட், 1992-ல் உலகத்தையே பயமுறுத்திய மைக்கலாஞ்சலோ எல்லாம் எம்.பி.ஆருக்குள் புகுந்தது இந்த வழியில்தான். "எஃப்டிஸ்க் /எம்பிஆர்" அடித்தால் பல வைரஸ்கள் ஒழியும். ஆனால் மங்கி என்ற வைரஸ் பார்ட்டிஷன் பட்டியலையே மறைத்து வைத்திருக்கும். அங்கே அந்தக் கட்டளையைக் கொடுத்தால் உள்ளதும் போச்சு. அதனால்தான் எதையும் எழுதுவதற்கு முன் ஒரு பிரதி எடுங்கள் என்று கத்துகிறோம்.

சரி, காகா கதைக்கு வருவோம். பயாஸுக்குள் போனதும் என் கண்ணில் பட்டது தேதி. பல வருடம் பின்னால் இருந்தது. 1984-ல் பி.சி. ஏடி வந்தபோதுதான் வட்டு விவரங்களை சீமாஸ் நினைவகத்தில் வைத்து, பேட்டரி போட்டுக் காப்பாற்றும் வழக்கம் ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்தால் பொட்டிக்கு எல்லாம் மறந்துவிடும். காகா பொட்டியில் இரண்டு வட்டு. எக்ஸ்பி இருப்பது புதிய சாட்டா வட்டில். பழைய ஐடிஇ வட்டில் வெறும் கோப்புகள். மறதி வந்த பயாஸ் பழையதை முதலில் எழுப்பியிருக்கிறது. அது பாவம், உண்மையைத்தான் சொன்னது. ஒரு சிஆர்2032 பேட்டரி மாற்றி, பூட் வரிசையைச் சரிசெய்ததும் எக்ஸ்பி எழுந்துவிட்டது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், படங்களை வெளி வட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்னும் பழைய பொட்டி என்றால் பேட்டரி வேறு வம்பும் செய்யும். 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற பழைய கணக்கில் 528 எம்பிக்கு மேல் போக முடியாது. அதைத் தாண்ட எல்.பி.ஏ., லார்ஜ் என்று தனித்தனி முகவரி முறைகள் வந்தன. ஒரு முறையில் பிரித்த வட்டை இன்னொரு முறையில் படித்தால் "மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்" வரலாம். வட்டில் ஒரு குறையும் இருக்காது.

பயப்பட வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: டக், டக் என்ற சத்தம். அப்போது செக்டிஸ்க், ஃபிக்ஸ்எம்பிஆர் எதுவும் வேண்டாம். பொட்டியை அணைத்துவிட்டு, வேறு கணினியில் மாட்டி டிடிரெஸ்க்யூ போன்ற ஒன்றால் படிவம் எடுக்கப் பாருங்கள். அதுவும் ஒருமுறைதான் வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டு.

எம்.பி.ஆரின் 32 பிட் முகவரி 2.2 டிபியோடு முட்டி நின்றது. யு.இ.எஃப்.ஐ.யும் ஜி.பி.டி.யும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் ஜி.பி.டி. வட்டின் முதல் செக்டாரில் இன்றைக்கும் ஒரு டம்மி எம்.பி.ஆர். உட்கார்ந்திருக்கிறது, அதே 55 ஏஏ முத்திரையோடு. பழைய மென்பொருள் எதுவும் "காலி வட்டு" என்று நினைத்து அழித்துவிடக் கூடாதே என்று :-)