மந்தைவெளியும் நட்ட கல்லும்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டுக்கு நாம் சென்றது ஆராய்ச்சிக்காக அன்று. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அவர் அழைப்பைத் தட்ட முடியவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே சேர்ந்தபோது நம் வயது நமக்கு நன்றாகவே நினைவூட்டப்பட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஊர்த்தொகுதி ஒவ்வொன்றையும் ‘நாடு’ என்றே இன்றும் வழங்குகிறார்கள்: சேலூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு.

மறுநாள் காலை ஒரு மேட்டில் நின்று பார்த்தோம். கீழே பள்ளத்தாக்கில் படிப்படியாக நெல் வயல். நீர் ஒரு படியிலிருந்து மறு படிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வீடுகளோ அந்தச் சமதரையை விட்டுவிட்டு, ஏற இறங்கச் சிரமமான மேட்டில் நெருங்கி நின்றன. அருகிலிருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, கீழே சமதளமாக இருக்கிறதே, அங்கே வீடு கட்டினால் என்ன?” என்று கேட்டுவிட்டோம். அவர் நம்மைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “ஏனுங்க பாய், பள்ளத்துல ஊடு கட்டிப்போட்டா அப்புறம் சோத்துக்கு எங்கீங்க போறது?” என்றார்.

மலைமக்களிடம் குறையே இல்லை என்று எழுத நாம் முற்படவில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகளில் பெரும்பகுதியை, சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பிடித்துக்கொண்டது அம்மலையிலும் நடந்ததுதான். ஆயினும் எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் சோற்றுக்கு என்ற கணக்கு அப்பெரியவருக்குத் தெளிவாக இருந்தது. அந்தக் கணக்கை நம் நகரங்கள் எப்போது மறந்தன என்ற கேள்வி, மலையிறங்கும் வழியெல்லாம் நம்மை விடவில்லை. விடை தேடிச் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

தியாகராய நகரில் துணியும் நகையும் வாங்கப் போகாத குடும்பம் நம்மில் மிகக் குறைவு. அங்கே உஸ்மான் சாலையில் நடக்கும்போது, காலடியில் இருப்பது ஓர் ஏரி என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, பிறைபோல் வளைந்து நீண்டு கிடந்தது அந்த நீர்நிலை. நீளத்தைக் கண்டு ஆங்கிலேயர் அதை ‘லாங் டாங்க்’ என்றே அழைத்தனர். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தி மகிழ்ந்ததுண்டு. நம்மவருக்கு அது படகு விடும் இடமன்று, பாசன ஏரி. அதை நம்பி மாம்பலம் முதலான சிற்றூர்களில் வயலும் தோட்டமும் இருந்தன.

1911-இல் மாம்பலத்தில் ரயில் நிலையம் வந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1923-இல் ஏரியை வடித்துக் குடியிருப்பு அமைக்கும் வேலை தொடங்கியது. அந்நாளில் ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியின் தலைவர் சர் பி. தியாகராயரின் பெயரை நகருக்குச் சூட்டினார்கள். முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் நடுவிலிருந்த பூங்காவுக்குப் போயிற்று. சாலைகளுக்குப் பெயர் தந்தவர்களில் நம் சமூகத்தாரும் உண்டு. 1934-இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் முஹம்மது உஸ்மான் சாகிப் ஒருவர். வைஸ்ராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்துப் பின்னர் திருவாங்கூர் திவானாகவும் இருந்த சர் முஹம்மது ஹபீபுல்லா சாகிப் மற்றொருவர். இப்பெயர்களை அச்சாலைகளில் படிக்கும்போது நமக்குப் பெருமிதம் தோன்றுவது இயல்பு. அது வற்றிப்போன ஏரிக்கரையில் எழுதப்பட்ட பெருமிதம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்று அதைச் செய்தவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்த நமக்கு மனமில்லை. நகரம் நெருக்கிக்கொண்டிருந்தது, குடியிருக்க இடம் வேண்டும் என்பது உண்மையான தேவை. அகன்ற தெருக்களும் பூங்காக்களும் வைத்து அவர்கள் அமைத்த நகர், பின்னால் வந்த பல நகர்களைவிட ஒழுங்கானது. ஆனால் ஏரி ஒன்று மனையாகலாம் என்ற வழக்கம் அங்கே தொடங்கி நிலைத்துவிட்டது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சிய ஏரிப்பகுதியும் பின்னர் தூர்ந்தது. 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது அந்நிலத்தில்தான். அருகிலுள்ள குடியிருப்புக்கு ‘லேக் ஏரியா’ என்று பெயர். ஏரி போயிற்று, ஏரியா நிற்கிறது! 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நாள்கணக்கில் நீர் தேங்கியபோது, தண்ணீர் வழிதவறி வந்துவிட்டதாகப் பலரும் பேசிக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் பேராசை மட்டும்தானா? ஒரு சொல்லும் காரணம் என்பது நம் எண்ணம். அச்சொல் ‘புறம்போக்கு’.

இன்று அது வசைச்சொல். ஆதியில் அது கணக்குப்பிள்ளையின் சொல். வரி விதிப்புக்குப் புறம்பாக நிறுத்தப்பட்ட நிலம் என்பதே பொருள். ஏன் வரியில்லை? அது ஊர் முழுவதற்கும் உரியது, ஒருவர் கைக்கும் போகலாகாதது என்பதால். முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, வரியிலிருந்து நீக்கிய நிலங்களைக் கல்வெட்டு ஊர்தோறும் எண்ணிச் செல்கிறது: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கன்று மேய்கின்ற பாழ். ‘பாழ்’ என்று பெயர் பெற்றிருந்தும் அதைப் பாழ்படுத்த அன்று எவரும் துணியவில்லை. பின்னாளில் வருவாய்க் கணக்கே ஆட்சியாகிவிட்ட காலத்தில், வரி தராத நிலம் பயன் தராத நிலமாகத் தோன்றலாயிற்று. பயன் தராதது ‘வெறும் இடம்’. வெறும் இடமென்றால் வீடு கட்டலாம். சென்னையில் மந்தைவெளி என்றோர் இடம் உண்டல்லவா? மாடுகள் மந்தையாகக் கூடிய வெளி. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை.

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதிய காலத்தில், ‘இஹ்யாவுல் மவாத்’ என்னும் பாடம் நமக்கு வெகு தொலைவானதாகத் தோன்றியது. மாண்டு கிடக்கும் நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதைக் கொண்டு எழுந்த சட்டப் பகுதி அது. பாலைவனச் சட்டம் நமக்கெதற்கு என்று இளமைத் திமிரில் எண்ணியதுண்டு. எடப்புளியிலிருந்து திரும்பிய பிறகு அந்தப் பாடத்தை மீண்டும் புரட்டினோம். மனை விற்பவர்கள் படிக்க வேண்டிய பாடமாக அல்லவா இருக்கிறது!

எல்லா வெறும் நிலமும் மாண்ட நிலம் ஆகிவிடாது. ஊரைச் சுற்றி ‘ஹரீம்’ என்றொரு வளையம் உண்டு. அதை எவரும் உயிர்ப்பித்துச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜி’ல் அந்த வளையத்தில் எவை அடங்கும் என்று காட்டுகிறார்கள்: ஊரார் கூடிப் பேசும் இடம், குதிரைகள் ஓடும் வெளி, ஒட்டகங்கள் படுக்கும் இடம், சாம்பலும் குப்பையும் கொட்டும் இடம். ஒட்டகத்தை எடுத்துவிட்டு மாட்டை வைத்துப் பாருங்கள், நம் மந்தைவெளி கிடைத்துவிடும். திமிஷ்கில் அமர்ந்து எழுதிய இமாமும் தஞ்சையில் கல் பொறித்த எழுத்தரும் ஒருவரையொருவர் அறியார். கணக்கு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் வேறோர் அளவு சொன்னார்கள். ஊரின் ஓரத்தில் நின்று ஒரு மனிதன் உரக்கக் கூவினால், அந்த ஓசை எட்டாத தொலைவிலுள்ள நிலமே மாண்ட நிலம். இந்த அளவுகோலைக் கொண்டு சென்னையில் ஒருவர் நிலம் தேடப் புறப்பட்டால் எங்கே போய் நிற்பாரோ!

ஓசையால் நிலம் அளக்கும் வழக்கம் அறியாமைக் காலத்திலும் இருந்தது, நோக்கம்தான் வேறு. குலத்தலைவன் தன் நாயை மேட்டில் நிறுத்திக் குரைக்க வைப்பான். குரைப்பு எட்டும் தூரம்வரை மேய்ச்சல் அவனுக்கு மட்டும் என்று ஆகிவிடும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் எடுத்துரைக்கும் செய்தி இது. அந்தத் தனியுரிமையை நபிகளார் ஒழித்தார்கள். ‘நகீஉ’ என்னும் இடத்தைப் பொதுக் குதிரைகளுக்காக ஒதுக்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ‘ரபதா’ போன்ற இடங்களைக் காப்பு மேய்ச்சலாக வைத்தபோது, காவலரான ஹுனய் என்பவருக்கு விதித்த கட்டளை புகாரீயில் பதிவாகியிருக்கிறது. நாலைந்து ஆடு வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்ஃபான் ஆகியோரின் மந்தைகளைத் தடுத்து நிறுத்து. அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பு இருக்கிறது, ஏழைக்கு என்ன இருக்கிறது என்பது அதன் கருத்து. தடுக்கப்பட்டவர்கள் யார்? பெரும் ஸஹாபிகள், அவர்களில் ஒருவர் பின்னாளில் கலீஃபாவாகப் போகிறவர். பெரியவர்களின் பெயரைச் சொல்லித் தடுக்கும் அந்தத் துணிவு இன்று எத்தனை அதிகாரிகளுக்கு வாய்க்கும்?

இதையெல்லாம் சொல்லி, முஸ்லிம் ஊர்கள் தம் வெளிகளைக் காத்துக்கொண்டன என்று மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. பரதா ஆற்றின் கால்வாய்களால் செழித்த திமிஷ்கின் கூத்தா தோட்டங்களை, பூமியின் நான்கு சுவனங்களுள் ஒன்றென்று அரபுப் புலவர்கள் புகழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டில் அந்த நகரமே வளர்ந்து தன் தோட்டத்தைத் தின்றது. இமாம் நவவீ வாழ்ந்த ஊர் அது!

ஸ்பெயினின் வலென்சியாவில் கதை வேறு விதம். அரபியர் சீர்செய்த பாசனத்தால் அந்நகரைச் சுற்றி வயல்வெளி பசுமையாக நின்றது. 1238-இல் நகர் கிறிஸ்தவ மன்னர் வசமானபோதும் வாய்க்கால் முறையைக் கலைக்கவில்லை. நம் ‘ஸாகியா’ அவர்கள் மொழியில் இன்றும் ‘அஸெகியா’. வாய்க்கால் வழக்குகளைத் தீர்க்கும் உழவர் மன்றம் இன்றும் வியாழன்தோறும் நண்பகலில், பெருங்கோயிலின் வாசலில், ஏடும் எழுத்துமின்றி வாய்மொழியாகவே கூடுகிறது. அங்கும் நகரம் வயலை மேய்ந்தது. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் அவ்வயல்வெளியைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. மறு ஆண்டில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் அதை உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது. இவ்வளவும் வயலில் பெரும்பகுதி போன பிறகு.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தார் வழக்காடி 1991-இல் உச்சநீதிமன்றத்தில் வென்றார்கள். 2011-இல் பஞ்சாப் சிற்றூர் ஒன்றின் குளம் பற்றிய வழக்கில், ஊர்ப்பொது நிலங்களை மீட்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாட்டில் ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் சட்டம் வந்தது. சுருங்கிச் சுருங்கி எஞ்சிய பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறியது. விளைநிலம் கண்மூடித்தனமாக மனையாவதை எதிர்த்த வழக்கில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டே அரசு விதி செய்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ள வழி திறந்தது. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய எளியவர்களை அந்தரத்தில் விட முடியாது என்பது மெய்தான். போன வயல் போனதுதான் என்பதும் மெய்.

அந்த எளியவர்களில் நாமும் ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன், வளர்ந்துவரும் ஒரு நகரின் ஓரத்தில், நெல்லும் கரும்பும் விளைந்த நிலத்தில் நாமும் ஒரு மனை வாங்கினோம். மகளின் பெயரில் இருக்கட்டும் என்பது வீட்டாரின் விருப்பம். காட்டிய வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் ஒரு சதுரம். பூங்கா என்று எழுதியிருந்தது. பத்திரம் முடிந்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பச்சைச் சதுரத்திலும் எல்லைக்கல் நட்டிருந்தது. விற்றவரிடம் கேட்டோம். “அந்தப் பார்க்குல யாரு ஹஜ்ரத் வந்து உக்காரப் போறாங்க? வெறும் இடந்தானே!” என்று சிரித்தார். நாம் திரும்பிவிட்டோம். ஒரு மனுக்கூட எழுதவில்லை. நம் மனையின் விலை ஏறியிருப்பதாக அவர் சொன்னது காதில் இனிமையாக விழுந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இஹ்யாவுல் மவாத் பாடத்தில் ‘தஹ்ஜீர்’ என்று ஒரு சொல் வரும். கல் நட்டு எல்லை குறித்து நிலத்தைப் பிடித்து வைப்பது. கல்லை நட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் கிடப்பவருக்கு மூன்றாண்டுக்குப் பிறகு அந்நிலத்தில் உரிமையில்லை என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. விலை கொடுத்து வாங்கிய நிலத்துக்கு அது பொருந்தாது என்பது ஓதியவருக்குத் தெரியும். பத்திரம் நம் பெட்டியில் பத்திரமாகவே இருக்கிறது. நான்கு கல்லும் நட்டது நட்டபடி நிற்கின்றன. மூன்றாண்டு கடந்து வெகுநாளாயிற்று. சென்ற ஐப்பசியில் போனபோது, அடைபட்ட பழைய வாய்க்காலின் நீர் மனைக்குள் முழங்கால் அளவு நின்றது; ஓரத்தில், யாரும் விதைக்காமலே, நாலைந்து நெற்பயிர் கதிர் விட்டிருந்தது.