மன்னார் வழி

நீலகிரி வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் ஜான் சல்லிவனில்தான் ஆரம்பிப்பார்கள். 1819-ல் அவர் மலையேறினார், ஊட்டியில் கல் பங்களா கட்டினார், ஏரி வெட்டினார். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் ரயில் வந்தது. எல்லாமே மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வந்த கதை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் சேரம்பாடியிலும் லயங்களில் குடியிருக்கும் எங்கள் ஆட்களின் கதைக்கு வேறு வழி. ராமேஸ்வரம் பக்கம் தோணியேறி, மன்னார் மணலில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள் நடந்து, அநுராதபுரத்து இடிபாடுகளைத் தாண்டி, மாத்தளையில் மலையேறி, சில தலைமுறை கழித்து அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்த கதை அது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். இந்த வழி ஒரு பாடப் புத்தகத்திலும் இல்லை.

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டுப் பொகவந்தலாவையில். கொள்ளுத்தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து போனவர். அவர் நடந்த வழியை அவருடைய மருமகளான என் அப்பாயி ஊர் ஊராகச் சொல்லும். மாமனார் வாயால் கேட்டதை ஒரு சொல் மாறாமல் ஒப்பிக்கும்.

1820-களில் இலங்கை மலைநாட்டில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட ஆரம்பித்தார்கள். பழம் பறிக்கிற காலத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். அதற்காகக் கங்காணி ஊருக்கு வருவார். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம், சேலம் என்று மழை பொய்த்த கிராமமாகப் பார்த்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவுக்கு அரிசி, மலைக்குளிருக்கு ஆளுக்கொரு கம்பளி. தோட்டம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்தக் கம்பளியும் பெயர் மேல் கடனாக எழுதப்பட்டிருப்பது தெரியும். கடனைக் குறித்த காகிதத்துக்குத் துண்டு என்று பெயர். துண்டில் உள்ள தொகையைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்காரன் உங்களை எடுப்பான். 1921-ல் சட்டம் போட்டு ஒழிக்கும்வரை அது நடந்தது. கொள்ளுத்தாத்தாவின் கம்பளியை நானே பார்த்திருக்கிறேன்: கறுப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு, நடுவில் எலி கடித்த ஓட்டைக்குச் சாக்குத் துணியில் ஒட்டு. அப்பாயி அதைப் பெட்டிக்கு அடியில் விரித்து வைத்திருந்தது.

ஊரிலிருந்து கடற்கரைக்கு ஒரு வார நடை. அப்புறம் பாய் விரித்த தோணி. தலைமன்னாருக்கும் இந்தக் கரைக்கும் இடையில் இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். காற்று ஒத்துழைத்தால் ஒரே நாளில் தாண்டலாம். ஒத்துழைக்காவிட்டால் கரையிலேயே கிடக்க வேண்டும், கட்டிக்கொண்டு வந்த அரிசி அங்கேயே தீர்ந்துவிடும். வயல்காட்டில் பிறந்தவர்களுக்குக் கடல் எப்படி இருந்திருக்கும்? அப்பாயி இதற்கு ஒரே வரிதான் சொல்லும்: "கரையப் பாத்ததும் எல்லாரும் மண்ண அள்ளி நெத்தியில பூசிக்கிட்டாங்களாம் தம்பி."

மன்னார்த் தீவில் இறங்கினால் மணல், பனை, கழுதைக் கூட்டம், அடிமரம் பெரிதாகப் பருத்த பெருக்கமரம். தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரை. உலகத்துக்கு முத்து கொடுத்த கரை இதுதான். கடலடிச் சிப்பிப் பார் நன்றாக விளைந்த வருஷங்களில் மாசி, பங்குனியில் வெறும் மணலில் ஓலைக் கொட்டகையிலேயே ஒரு நகரம் முளைக்கும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள், அரபு நாட்டிலிருந்தும் வருவார்கள். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் வலைக்கூடையோடு நேராக அடிக்குப் போவார்கள். ஒரு நிமிஷம்போல் சிப்பியை அள்ளிக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டினால் படகில் இருப்பவன் மேலே தூக்குவான். சுறா அண்டாமல் மந்திரம் போடக் கடல்கட்டி என்று ஒருவர் கரையில் உட்கார்ந்திருப்பார். அவர் வராமல் யாரும் இறங்க மாட்டார்கள், துரைமாரும் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். அரசாங்கப் பங்கு போக, குளித்தவனுக்கு மூன்றில் ஒன்று. 1905-ல் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருஷம் பாரையே லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் சிப்பியே இல்லாமல் போயிற்று.

இந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன்தான் நீலகிரித் தோடர்களையும் கோத்தர்களையும் அளந்து எழுதியவர். இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் வழி அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

காப்பிக்காரர்கள் பெரும்பாலும் ஆடிக்கு அப்புறம் போவார்கள். அப்போது முத்து நகரம் கலைந்து, மணலில் சிப்பி ஓடும் நாற்றமும்தான் மிஞ்சியிருக்கும். அரிப்பில் கடலைப் பார்த்தபடி கவர்னர் பிரடெரிக் நோர்த் கட்டிய டோரிக் மாளிகை இருந்தது. 1800-களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்கவே கட்டியது. இப்போது அதில் சுவர்கள்தான் பாக்கி, ஒரு பக்கத்தைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

தீவைத் தாண்டிப் பெருநிலத்தில் ஏறினால் மாந்தை. பாடல் பெற்ற திருக்கேதீச்சரம் இருந்த இடம். போர்த்துக்கீசியர் இடித்த பிறகு காடு மூடிக் கிடந்தது. ஆறுமுக நாவலர் 1872-ல் அதை மீட்கக் குரல் கொடுத்தார். அதற்கு முன்னே பல்லாயிரம் தமிழர்கள் தங்கள் சிவன் கோவில் ஒன்று அருகில் புதைந்திருப்பது தெரியாமலே நடந்துபோயிருக்கிறார்கள். அடுத்து கட்டுக்கரைக்குளம். அதுவும் அப்போது உடைந்த பழைய ஏரிதான்.

அதற்கப்புறம் காடு. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. மன்னாரிலிருந்து கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர். சராசரி ஆளுக்கு பத்து, பன்னிரண்டு நாள். பிள்ளை குட்டியோடு போனால் இன்னும் கூடுதல். தண்ணீர் கிடைத்த இடத்தில் தங்கல், ராத்திரி யானைக்கும் கரடிக்கும் பயந்து நெருப்பு. ஆனால் கூட்டத்தைக் கொன்றது மிருகமல்ல; காலராவும் மலேரியாவும். படுத்தவனை மரத்தடியில் விட்டுவிட்டுக் கூட்டம் நகரும். கங்காணிக்குக் கணக்கு தவறக் கூடாது, மற்றவர்களுக்கு அரிசி தீரக் கூடாது. அரசாங்கம் பின்னால் கிணறும் கொட்டகையும் போட்டது. போட்ட பிறகும் செத்தார்கள்.

அநுராதபுரம் வந்தபோது கொள்ளுத்தாத்தாவின் கூட்டம் ஒரு குன்றைப் பார்த்திருக்கிறது. உச்சிவரை மரம். மேட்டில் படுத்தால் யானை வராது என்று ஏறினால் காலுக்கடியில் செங்கல் சரிந்ததாம். "மலைன்னு ஏறுனா வீடு கட்டுற கல்லு. இத்தனை கல்லச் சுட்டது எந்தக் கங்காணி ஆளுகளோன்னு மாமா கேட்டாராம்" என்று சொல்லி அப்பாயி சிரிக்கும். ஜேதவனாராமத் தூபியோ அபயகிரியோ, ஏதோ ஒன்று. ஜேதவனாராமம் இன்றும் 70 மீட்டர் உயரம் நிற்கிறது. 1890-ல் எச்.சி.பி. பெல் தலைமையில் தொல்லியல் துறை அமைத்துக் காடு வெட்டித் துப்புரவாக்கினார்கள்; அறிக்கைகள் அச்சாயின. இடிபாடுகளைப் பற்றிப் பெல் கேட்ட கேள்விகள் நூலகத்தில் இருக்கின்றன. செங்கல் சுட்டவனைப் பற்றிய கேள்வி அதைவிட மட்டமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

குன்னூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசின் சுவரில் இதே ஊர்களை இப்போது விளம்பரமாக ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம், கடற்கரை, டைவிங், பாய்மரப் படகு, காட்டுக்குள் புராதன நகரம். மன்னாரிலிருந்து ஏ-14, மதவாச்சியில் ஏ-9 பிடித்தால் மாத்தளை ஒரே பகலில் வந்துவிடும். விளம்பரத்தைக் குறை சொல்லவில்லை. ஊர் பார்க்கப் போவது நல்ல விஷயம்தான்.

காலராவைக் காரணம் காட்டி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காட்டு வழியை மூடினார்கள். தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் வழி வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் நீராவிக் கப்பலும் வந்தன. மண்டபம் கேம்ப்பில் தடுத்து வைத்து, ஊசி போட்டு, தோட்ட எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். அதற்குள் காப்பியை இலைநோய் தின்று, தேயிலை வந்திருந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

1948-ல் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்ப்போம். இரண்டு மாதம் முடியவில்லை, டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியைத் துடைத்துக்கொண்டு போயிற்று. ஆட்களை அனுப்ப ஒப்பந்தம் இருந்தது, இறக்கத் துறைமுகம் இல்லை. அப்புறம் ராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பல் விட்டார்கள்.

எங்கள் குடும்பம் அதில்தான் வந்தது. மலைநாட்டு ஸ்டேஷன்களில் தலைமன்னார் ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். ஏறுகிறவரும் அழுவார், ஏற்றிவிட வந்தவரும் அழுவார். அப்பா தையல் மெஷினை மடியிலேயே வைத்துக்கொண்டார். வழியில் அநுராதபுரத்தில் ரயில் நின்றபோது அப்பாயி ஜன்னல் வழியாகக் குன்றைத் தேடியது. மரமெல்லாம் வெட்டியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

மண்டபத்தில் குடும்ப அட்டையைக் காட்டி, எங்கே போகிறீர்கள் என்றால் துறையூர் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் ஆசை. துறையூரில் எங்களை யாருக்குத் தெரியும்? கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்களுக்கென்று 1968-ல் வனத்துறை நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. பின்னால் அதுதான் டான்டீ கார்ப்பரேஷன் ஆயிற்று. அங்கே இடம் கிடைத்தவர்களுக்கு லயமும் வேலையும் கிடைத்தன. கிடைக்காதவர்கள் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். வாட்டில் மரம் வெட்டப் போய்க் கான்ட்ராக்டர்களிடம் கடன்பட்டுச் சிக்கியவர்களும் உண்டு. துண்டு ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியும் கணக்கு நோட்டு ஒழியவில்லை. 2022-ல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. காட்டைத் திருத்தி நட்டவர்களில் பலர் இப்போது ஓய்வு பெற்றவர்கள், லயத்தைக் காலி செய்தால் போக அவர்களுக்குச் சொந்த ஊர் கிடையாது.

தலைமன்னார் பியர் வரை ரயில் 2015-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். ராமேஸ்வரம்–தலைமன்னார்க் கப்பல் மட்டும் 1984-ல் நின்றது நின்றதுதான். என் தங்கை மகன் அந்தக் குன்னூர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, போய்ட்டு வரட்டா?" என்று கேட்டான். வேன் வேண்டாம், மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு பஸ் பிடி, அங்கிருந்து அரிப்புக்குப் போய் டோரிக் சுவர் விழுவதற்குள் பார்த்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். டைவிங்குக்குத் திருகோணமலை போகிறானாம்.