திரையைக் கிழித்து வெளியேறியவர்கள்: அல்மோராவிலிருந்து தாராவி வரை

தமிழின் முதல் பேசும்படம் தமிழ்நாட்டில் உருவாகவில்லை, பம்பாயில் உருவானது. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம், ‘ஆலம் ஆரா’வுக்காக அமைத்த அரங்கிலேயே ‘காளிதாஸ்’ படத்தையும் எடுத்தது. எச்.எம். ரெட்டி இயக்கினார், டி.பி. ராஜலட்சுமி நடித்தார். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான அப்படத்தோடு சில குறும்படங்களும் காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று ராஜலட்சுமி ஆடிய குறத்தி நடனம். நாடகக் கம்பெனிகளின் மேடையில் ஆடப்பட்டுவந்த ஆட்டம் பம்பாயில் படச்சுருளுக்குள் புகுந்து, சென்னையில் திரையில் விரிந்தது.

தமிழ்ப் படவரலாறு இச்செய்தியைப் பெரும்பாலும் ஒரு தொடக்கக் குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. உயிருள்ள உடலின் ஆட்டம் திரைக்குள் சென்றபின், அது திரும்பி வர முடியுமா? இக்கேள்விக்கு விடைதேடி வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட கலைஞர் உதயசங்கர். அவருடைய தேடல் பாரிஸ், அல்மோரா, சென்னை, கொல்கத்தா எனப் பல ஊர்களைக் கடந்தது. அதன் கிளைகள் செம்பூரையும் தொட்டன.

மேடை நடனத்தையும் படத்தையும் ஒரே மாலையில் இணைக்கும் முயற்சி ஐரோப்பாவில் 1920களிலேயே தொடங்கிவிட்டது. 1924 டிசம்பரில் பாரிஸின் ஷான்ஸெலிஸே அரங்கில் ‘ரெலாஷ்’ என்னும் பாலே நிகழ்ந்தபோது, அதன் இடைவேளைக்கென ரெனே கிளேர் எடுத்த ‘ஆந்த்ராக்த்’ என்ற மௌனப்படம் காட்டப்பட்டது. அங்கு ஆட்டமும் படமும் ஒன்றையடுத்து ஒன்றாக வந்தன. ஏழாண்டுகளுக்குப் பின், 1931-இல், அதே அரங்கில் தம் குழுவோடு ஆடினார் உதயசங்கர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியிலும் இலண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் ஓவியம் பயின்றவர் அவர். 1923-இல் அன்னா பாவ்லோவாவோடு ‘இராதா-கிருஷ்ணா’வில் கிருஷ்ணனாக மேடையேறியபின்தான் ஓவியர் ஆட்டக்காரரானார். மரபான குருகுலத்தின் வழியாக அன்றி, ஓவியனின் கண் வழியாக அவர் ஆட்டத்துக்குள் நுழைந்தார். மேடையை ஒரு சட்டகமாகக் காணும் பழக்கம் அவரிடம் இறுதிவரை இருந்தது.

1930களின் இறுதியில் இமயமலைச் சாரலில், அல்மோராவில், அவர் ஒரு கலைமையத்தை நிறுவினார். சங்கரன் நம்பூதிரி கதகளியும், அமோபி சிங் மணிப்புரியும், அலாவுதீன் கான் இசையும் கற்பித்தனர். பரதநாட்டியம் கற்பிக்கச் சென்றவர், தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்ப பிள்ளை, பாலசரஸ்வதியின் ஆசான். தஞ்சையின் அடவுகள் அல்மோராவின் குளிரில் பயிலப்பட்டன. பின்னாளில் இந்திப் படவுலகில் பெயர்பெற்ற குரு தத், நாடகத்திலும் நடனத்திலும் தடம்பதித்த ஜோஹ்ரா சேகல், சாந்தி பர்தன் போன்றோர் அங்கிருந்து வந்தவர்களே.

அங்கு அவர் நிகழ்த்திய ‘இராம லீலை’ இக்கட்டுரைக்கு முதன்மையானது. திறந்த வெளியில் பெரிய வெண்திரை கட்டப்பட்டது. ஆடுவோர் அதன் பின்னால் ஒளிக்கு முன் ஆட, அவர்களின் நிழல்களை மக்கள் கண்டனர். ஒளியும் திரையும் திரைப்படத்துக்குரியவை. நிழலுக்கு உரியவரோ அந்தக் கணத்தில் மூச்சுவாங்க ஆடிக்கொண்டிருந்தவர். மேடைக்கும் படத்துக்கும் நடுவே நின்ற கலை அது.

தமிழர்களுக்கு இது அந்நியமானதன்று. தோற்பாவை நிழற்கூத்தில் இராமகாதையை வெண்திரைக்குப் பின்னிருந்து நிகழ்த்துவோர், மண்டிகர் எனப்படும் மராத்தி பேசும் சமூகத்தார். மராத்தியரின் தஞ்சை ஆட்சிக்காலத்தோடு அவர்களின் வருகையைத் தொடர்புபடுத்துவது ஆய்வாளர் வழக்கம். அதே தஞ்சை மராத்திய அவையில், இரண்டாம் சரபோஜியின் காலத்தில், சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நால்வர் சதிர்க் கச்சேரிக்கு இன்றைய வடிவைத் தந்தனர். மராத்தி பேசுவோர் தமிழ்நாட்டில் நிழற்கூத்து நடத்த, தமிழ் நட்டுவனார் மரபொன்று மும்பை சென்று ஆட்டம் கற்பித்தது. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கிய ஆண்டு 1945. அந்நகரில் பரதநாட்டியம் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ‘வந்தேறிகள்’ என்ற சொல்லை இரு திசைகளிலும் எறிவோர் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

போர்க்கால நெருக்கடியில் அல்மோரா மையம் மூடப்பட்டது. உதயசங்கர் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டூடியோவில் உருவான ‘கல்பனா’ 1948-இல் வெளியானது. ஒளிப்பதிவு கே. ராம்நாத், பின்னாளில் ‘ஏழை படும் பாடு’, ‘மர்மயோகி’ ஆகியவற்றை இயக்கியவர். பத்மினி முதன்முதலாகத் திரையில் தோன்றியது இப்படத்தில்தான். கதைச்சட்டகம் கசப்பானது: எழுத்தாளன் ஒருவன் தன் கனவைப் படத் தயாரிப்பாளரிடம் சொல்கிறான், கேட்டு முடித்தவர் மறுத்துவிடுகிறார். அந்தக் கனவே படம் முழுவதும் நடனமாக விரிகிறது. வணிக வெற்றி கிட்டவில்லை. எனினும் அதே ஆண்டு அதே நிறுவனத்திலிருந்து வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்ட ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தைப் பார்ப்போர், ஒரே கூரையின் கீழ் பெருந்திரள் நடனத்துக்கான இரு கனவுகள் வளர்ந்ததை உணரலாம்.

அல்மோராவில் பயின்றோர் பலர் பம்பாயை அடைந்தனர். சாந்தி பர்தன் இந்திய மக்கள் நாடக மன்றத்தின் நடனக் குழுவுக்கு உயிரூட்டினார். ஜோஹ்ரா சேகல் பிருத்விராஜ் கபூரின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பிருத்விராஜின் மகன் ராஜ் கபூர் 1948-இல் செம்பூரில் ஆர்.கே. ஸ்டூடியோவை நிறுவினார். 1951-இல் வெளியான ‘ஆவாரா’வின் புகழ்பெற்ற கனவுக் காட்சிக்கு நடனம் அமைத்தவர், உதயசங்கரோடு ஐரோப்பா முழுதும் ஆடிய பிரெஞ்சுப் பெண்மணி சிம்கி. புகைமேகம், சுழன்றேறும் படிகள், பெருஞ்சிலைகள்: அல்மோராவின் கற்பனை செம்பூரில் வணிகப்படத்தின் மொழியாயிற்று. ‘கல்பனா’ எட்டாத மக்களை ‘ஆவாரா’ எட்டியது. ஆனால் ஆடிய உடல்கள் இம்முறையும் படச்சுருளுக்குள்ளேயே தங்கிவிட்டன.

அவர்களை வெளியே கொணரும் முயற்சியாக 1970-இல், தம் எழுபதாம் வயதையொட்டி, உதயசங்கர் கொல்கத்தாவில் ‘சங்கர்ஸ்கோப்’ நிகழ்ச்சியை அரங்கேற்றினார். திரையில் ஓடும் படத்தில் காணப்பட்டவர் திடீரெனத் திரையைப் பிளந்துகொண்டு மேடைக்கு வருவார், ஆடுவார், மீண்டும் திரைக்குள் நுழைந்து படமாவார். 1958 பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் செக் நாட்டின் ராடோக்கும் ஸ்வோபோடாவும் ‘லாடெர்னா மாகிகா’ என்ற பெயரில் இத்தகைய கலவையை உலகுக்குக் காட்டியிருந்தனர். உதயசங்கருக்கோ இது அல்மோராவின் வெண்திரையிலிருந்து நீண்டுவந்த பாதை. அங்கே ஆடுவோர் திரைக்குப் பின்னால் இருந்தனர். இங்கே திரையைக் கடந்தனர்.

இதன் வேலைநுட்பம் எளிதன்று. படம் எவருக்காகவும் காத்திருக்காது. திரையிலுள்ள உருவம் விளிம்பை அடையும் நொடியில் மெய்யுடல் வெளிப்பட வேண்டும். ஓர் இமைப்பொழுது பிந்தினாலும் மாயம் கலைந்துவிடும். மேடைக்கு ஒளி தேவை. அவ்வொளி திரையில் பட்டால் படம் வெளிறிப்போகும். நட்டுவனாரின் தாளம் ஆடுபவரின் மூச்சறிந்து தளரும், இறுகும். படச்சுருளின் தாளத்துக்கு அந்தக் கருணை இல்லை. எனவே இத்தகைய மாலையில் உடல்தான் இயந்திரத்துக்கு இணங்கிப் போகவேண்டியிருக்கிறது.

உதயசங்கர் 1977-இல் மறைந்தார். ‘கல்பனா’ மீட்டெடுக்கப்பட்டு 2012-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. இன்றும் அதைக் காணலாம். ‘சங்கர்ஸ்கோப்’பை அவ்வாறு காண இயலாது. அதன் படப்பகுதியை மட்டும் ஓட்டினால் பாதியே கிடைக்கும். மறுபாதி ஆடியவர்களின் உடலிலும், அவர்கள் நின்ற மேடையிலும், அந்த மாலையிலும் இருந்தது. திரையையும் மேடையையும் இணைத்த கலையின் துயரம் இதுவே: காலத்தை வெல்லும் படத்தைத் துணைக்கழைத்தும், அது காலத்துக்கு இரையாகிறது.

படத்துக்கு இடம் தேவையில்லை, எங்கும் ஓடும். ஆட்டத்துக்கு இடம் வேண்டும். மாட்டுங்காவை ஒட்டி 1963-இல் எழுந்த, 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட சண்முகானந்தா அரங்கம் 1990-இல் தீக்கிரையானது. 1998-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆர்.கே. ஸ்டூடியோவிலும் 2017-இல் தீப்பற்றியது. 2019-இல் அந்நிலம் கட்டுமான நிறுவனமொன்றின் கைக்கு மாறியது. ஒன்றுக்கு மீளக் கட்டும் சபை இருந்தது. மற்றொன்றுக்குச் சந்தை விலை இருந்தது.

அந்த அரங்கிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில் உள்ளது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலதலைமுறையாக வாழும் இடம். சபாக்களின் நுழைவுச் சீட்டு அவர்களை எண்ணி அச்சிடப்பட்டதன்று; அவர்களின் மேடை தெருவே. தொண்ணூறடிச் சாலையில் பானைகள் வரிசையாகப் பொங்கும் தைத்திருநாள் அதற்குச் சான்று. திரைப்படமும் தாராவியைத் தேடி வந்தது. ஆனால் பெரும்பாலும் அதன் சாயலை எடுத்துச் செல்லவே வந்தது. ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தோட்டா தரணி தாராவியைச் சென்னையில் கட்டினார். ‘காலா’வுக்கும் (2018) சென்னையில் ஒரு தாராவி எழுந்தது. 1931-இல் தமிழ்ப்படம் பம்பாய் அரங்கில் பிறந்தது. பின்னர் பம்பாயின் தமிழ்த் தெருக்கள் சென்னை அரங்குகளில் பிறந்தன.

எனினும் ‘காலா’வில் ஒரு திரும்புகை நிகழ்ந்தது. தாராவியின் ராப் குழுவான ‘டோப்அடெலிக்ஸ்’ இளைஞர்கள் அப்படத்தில் பாடினர், ஆடினர், தோன்றினர். தெருவில் வளர்ந்த உடல்மொழி திரைக்குள் சென்றது. அவர்களோ திரையைவிட்டு வெளியேறித் தம் தெருவுக்கே திரும்பக் கூடியவர்களாக இருந்தனர். உதயசங்கர் பெரும் பொறியமைப்போடு தேடிய காட்சி இதுவே.

இப்போது அந்தத் தெருக்களுக்கு மறுசீரமைப்புத் திட்டம் வந்திருக்கிறது. எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை சதுர அடி என்று கணக்கிடப்படுகிறது. வீடு கணக்கில் வரும்; கடை வரும்; தொழிற்கூடமும் ஓரளவு வரும். ஆட்டம் நிகழும் தெரு எந்தப் பட்டியலிலும் எளிதில் அடங்காது. தாராவியின் சாயல் படங்களில் அழியாமல் இருக்கும். திரையிலிருந்து இறங்கி வருபவர் கால்பதிக்கத் தரை இருக்குமா என்பதே இனி வரலாறு எழுதவேண்டிய கேள்வி.